நாற்பதா முப்பதா

முப்பத்தொரு அடி.
பாலமீன்மடுவில், களப்போரம்,
தார்ப் பீப்பாய்கள் மேல் நிற்கிறது எங்கள் பாய்வள்ளம்.
விற்றவன் தளத்தில் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.
வின்ச் இருந்த இடத்தில் ஐந்து ஓட்டை,
கிளீட் இருந்த இடத்தில் துரு வழிந்த கோடு,
எல்லாவற்றையும் அடைத்து
சுவிங்கம் மாதிரி ஏதோ ஒரு பசை.

"முப்பதாம் நம்பர் போதும்" என்கிறார் கிருபைராசா.
"தாமானை நான் வெறுங்கையாலயே இழுப்பன்."
இழுப்பார்தான்.
நெல் ஆலையில் மோட்டரைக் கழற்றி
நெஞ்சோடு அணைத்து இறக்குகிற ஆள்.

ஆனால் அவர் தூங்குவார்.
இதை எந்த விலைப்பட்டியலும் எழுதுவதில்லை.
இரண்டு பேர் ஓட்டும் வள்ளத்தில்
எப்போதும் ஒருவர் தூக்கம்.
இரவு மூன்று மணிக்குக் கச்சான் முறுகும்போது
கயிற்றுக்குப் பக்கத்தில் இருக்கப்போவது
நான்,
கல்லடிப் பாலத்தில் ஸ்கூட்டியோடு விழுந்த
என் வலது தோள்,
அதை நம்பாத இடது தோள்.

ரொசைரோவின் லேத் கடையில் சோதித்தோம்.
எஞ்சின் தூக்கும் இரும்புச் சட்டம்,
அதில் கப்பி, கப்பியில் ஆறு மூட்டைச் சீமெந்து.
முதலில் முப்பது. அவருடையது, பழைய வெண்கலம்,
பூனைக்குட்டி மாதிரித் துடைத்துக் கொண்டுவந்தார்.
ஒன்பதாவது சுற்றில் தோள் பேசத் தொடங்கியது.
பிறகு நாற்பது,
திருகோணமலையில் இருந்து பார்சலில் வந்தது,
பிடிக்காவிட்டால் திருப்பலாம்.
மூட்டைகள் மெதுவாக, சலிப்பூட்டும்படி மெதுவாக ஏறின.
தோள் வாய் திறக்கவில்லை.
உருளையின் தலையில் ஒரு தாடை,
கயிற்றைத் தானே கவ்விக்கொள்கிறது.
மற்றக் கையால் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கலாம்.
நான் கைபிடியை விட்டேன்.
ஆறு மூட்டையும் அந்தரத்தில் நின்றன.
கிருபைராசா அவற்றைப் பார்த்தார், பிறகு என்னை,
பிறகு விலையை.

ஒன்றின் விலை ஒரு போக வெள்ளாமை.
ஆகவே ஒன்றே ஒன்று,
இரு பக்கத் தாமானும் வந்து சேரும்படி
கெபின் கூரையில்.
"ஆஞ்சானுக்கு?"
"ஆஞ்சானை நீங்க வெறுங்கையாலயே இழுங்க."

ரொசைரோ ஒவ்வொரு போல்ட்டுக்கும் காந்தம் காட்டினார்.
துருப்பிடிக்காது என்று விற்ற இருபதில்
பதின்மூன்று ஓடிப்போய் ஒட்டிக்கொண்டன.
அவற்றைக் கதவுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார்.

சனிக்கிழமை.
பென்சில் வட்டம், துரப்பணம், முதல் துளை.
மரத்தூள் பறக்க வேண்டும்.
பறக்கவில்லை. கசிந்தது,
வடித்து மறந்துபோன தேயிலைச் சக்கை,
கறுப்பாய், நாற்றமாய்.
சுத்தியல் பிடியால் தட்டினேன்.
டொக். டொக். பொத்.
பொத் என்ற இடங்களைச் சோக்கால் வளைத்துக்கொண்டு போனேன்.
கோடு பாய்மரம்வரை போய்
மற்றப் பக்கத்தால் திரும்பி வந்தது.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
களப்பில் ஒரு நீர்க்காகம் முங்கி
எதிர்பாராத இடத்தில் எழும்பியது.

"வின்ச்சை மறுகா பாருங்க" என்றார் ரொசைரோ.
"இப்ப பூட்டினா காத்து அதைத் தளத்தோடயே பிடுங்கிரும்."

ஆகவே பைபர் துணி, ரெசின், ஒட்டுப்பலகை,
பட்டியலில் இல்லாத பட்டியல்.
நாற்பதாம் நம்பர்
எங்கள் குசினி மேசையில் இருக்கிறது,
ஒரு தேக்குப் பலகையில் நான்கு போல்ட்டோடு
(ஒட்டாத போல்ட்).
சோற்றுப் பானை இறக்கிய பிறகு
இடது கையால் ஐம்பது சுற்று,
வலது கையால் முடிந்த மட்டும்.
உள்ளே பற்கள்
ஒன்றன்பின் ஒன்றாக விழுந்து பிடிக்கின்றன.

காலையில் வேலியோரம் பவளராணி அக்கா:
"என்னகா, உங்கட ஊட்டில
ராவெல்லாம் பல்லி சொல்லுது?"

"எந்தத் திசையில இருந்து?" என்று கேட்டேன்.